அப்புறம் அக்காவும் மீதமிருக்கும் ஏழு வீடுகளும்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வுத் தலைவர் டாக்டர் ஐயா அவர்களே, வார்டின் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே, நோயோடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சேர்ந்த எங்கள் குழுவின் உறுப்பினர்களே, தையல் கடையில் அக்காவோடு வேலை பார்த்தவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் தம்பி அவர்களே, மறைந்த நம் அக்காவை நினைவுகூர வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு மேடையில் பேசி வழக்கமில்லை. எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன். இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நான்கு நாளாக யோசித்தேன். இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஏன் என்பதை இந்தத் தாள் முடிவதற்குள் சொல்லிவிடுவேன். நடுவில் நான் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அக்காவுக்கு 'அப்புறம் அக்கா' என்ற பெயர் எப்படி வந்தது? இதே கூடத்தில் வந்தது. மனநல வார்டிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு முதல் சில மாதங்களில் என்ன நடக்கிறது என்று நாங்கள் வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுதிய ஆய்வு முடிந்த நாள். டாக்டர் ஐயா திரையில் முடிவுகளைக் காட்டிவிட்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒத்துழைச்ச எல்லாருக்கும் நன்றி" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்புறம்?"

"அப்புறம் இது மருத்துவப் பத்திரிகையில வரும்மா."

"அப்புறம்?"

"பல ஊர்ல இருக்கிற டாக்டருங்க படிப்பாங்க."

"நல்லா படிக்கட்டும் டாக்டர். ஆனா கேள்வி கேட்டது எங்கள, பதில் போறது அவங்களுக்கா? எங்க வீட்டுக் கதவு என்ன ஒருவழிப் பாதையா?"

கூடம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை! கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். "துணி உங்களோடது இல்ல டாக்டர், வாடிக்கையாளரோடது. தைச்சு முடிச்சா திருப்பிக் குடுக்கணும். பீரோவுல வச்சுப் பூட்டிக்கக் கூடாது" என்றார். அன்று பிறந்ததுதான் நம் குழு.

முடிவுகளை ஒரே தாளில் எழுதும் வேலை, ஆய்வு அலுவலகத்தில் இருந்த எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்பு முழுவதையும் அந்தத் தாளில் இறக்கினேன். 'மருந்துத் தொடர்ச்சியின்மைக்குத் தகவல் இடைவெளியே முதன்மைக் காரணியாக அமைகிறது' என்பது என் முதல் வரி. அக்கா அதைப் படித்தார். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தார்.

"என்ன புரியுது?"

"யாரோ யாருக்கோ வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காங்க."

"ஐயோ, என்மேலயா?" என்றார் அக்காவின் தம்பி. அவரும் எங்கள் குழுவில் ஒருவர். அந்த வார்டில் ஐந்து முறை இருந்துவிட்டு வந்தவர். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏ டிகிரி, நீ படிச்சத அவங்களுக்குக் காட்டுறியா, அவங்க சொன்னத அவங்களுக்கே திருப்பிக் குடுக்குறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஒன்பது முறை திருத்தினோம். கடைசியில் அந்த வரி இப்படி ஆனது: 'மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலானோர் பிடிவாதத்தால் நிறுத்தவில்லை. கை நடுங்கியது. தூக்கம் தூக்கமாக வந்தது. யாரிடம் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.' கீழே, கேட்க வேண்டிய தொலைபேசி எண். அவ்வளவுதான். துப்புரவுப் பணியாளர் அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இத எங்க அண்ணிக்குச் சொல்லணும்" என்றார். அக்கா என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். நான் வாங்கிய பட்டத்தைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

குழு ஒரு விதி வைத்தது. தாளைத் தபாலில் அனுப்பக் கூடாது. மருத்துவமனைப் பெயர் போட்ட உறை தெருவில் வேறு கதை பேசும். கதவிடுக்கில் செருகிவிட்டு வரக் கூடாது. இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும்: அலுவலகத்திலிருந்து ஒருவர், குழுவிலிருந்து ஒருவர். உட்கார்ந்து வாசிக்க வேண்டும். என்ன புரிந்தது என்று அவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் முப்பத்தெட்டு வீடுகள்.

போகவேண்டிய வாரத்தில் தம்பிக்கு முடியாமல் போனது. "நீ போயிட்டு வா டிகிரி, உன்னால முடியும். நான் இவனைப் பாத்துக்கணும்" என்றார் அக்கா.

நான் போனேன். முதல் வீடு. நீல நிறக் கதவு. அழைப்பு மணியில் விரலை வைத்தேன். உள்ளே ஒரு அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: "மாத்திரைய முழுங்குறதுக்கு உனக்கு என்னடா கேடு? வேணும்னே பண்றே!" என் பையில் இருந்த தாள் அந்த அம்மாவுக்கான பதில்தான். அதை எடுத்து நீட்ட வேண்டியதுதானே? அதற்குத்தானே நான் போனேன்? ஆனால் 'நீ யாரு' என்று கேட்டால் என்ன சொல்வது? நான் வளர்ந்த தெருவில், பையும் தாளுமாக வருகிற படித்த பெண்ணைப் பார்த்தாலே என் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விடுவார். இன்று அந்தப் பெண் நான். மணியை அழுத்தாமலே விரலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். மற்ற வீடுகளுக்குப் போகவே இல்லை.

வாரக் கடைசியில் பதிவேட்டில் முப்பத்தெட்டு வரிகளிலும் 'சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

டாக்டர் ஐயா, இதை நான் இன்று காலை உங்கள் அறைக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். கதவுவரை வந்தேன். அங்கேயும் திரும்பிவிட்டேன். அதனால்தான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இங்கிருந்து திரும்பிப் போக வழியில்லை.

அந்தத் தாள்கள் இப்போதும் என் மேசைக்கு அடியில், ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. உட்காரும்போதெல்லாம் என் கால் அதில் இடிக்கும். அடுத்த மாதக் கூட்டத்தில், 'எல்லா வீட்டுக்கும் முடிவைக் கொண்டுசேர்த்தவர்' என்று ஐயா என்னைப் பாராட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அக்காவும் தட்டினார். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.

கூட்டம் முடிந்து படியில் கேட்டார்: "அப்புறம்?"

"முடிஞ்சுது அக்கா."

மறு வாரம் கடை வாசலில்: "அப்புறம், டிகிரி?"

"அதான் முடிஞ்சுதே அக்கா."

மூன்றாவது முறை தொலைபேசியில் கேட்டார். அப்போது கொஞ்சம் எரிச்சலாகவே பதில் சொன்னேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அக்கா போன ஆறாம் நாள், தம்பி அலுவலகத்துக்கு வந்து ஒரு நோட்டை என் மேசையில் வைத்தார். கடையில் அளவு எழுதும் நோட்டு. மார்பு, இடுப்பு, தோள் என்று கோடு போட்ட பக்கங்கள் முடிந்ததும், ஒரு பக்கத்தின் மேல் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: 'டிகிரியோட வீடுங்க.' கீழே முப்பத்தெட்டு எண்கள். முப்பத்தோரு வீடுகளுக்கு எதிரே, அந்த வீட்டுக்காரர்கள் சொன்னது எழுதியிருந்தது.

மருந்துக் கடை வரிசையில் யாரோ ஒருவர், 'எங்க வீட்டுக்கு யாரும் வரலியே' என்று சொல்லியிருக்கிறார். அன்றே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது! தாளை நகலெடுத்துக்கொண்டு, கடை மூடும் மதிய நேரங்களில், வீங்கிய காலோடு நடந்திருக்கிறார். தம்பி கேட்டாராம், "ஏன்க்கா, அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?" அக்கா சொன்னாராம்: "பயந்துட்டாடா. பயந்தவள நாலு பேர் முன்னாடி கேட்டா ஓடிப்போயிருவா. அப்புறம் யாருடா நமக்கு நல்லா எழுதித் தருவா? அவளே சொல்லுவா, பாரு."

அக்காவின் இதயம் நின்றுபோனதற்கும் அந்த நடைக்கும் சம்பந்தமில்லை என்று செவிலியர் அம்மா என்னிடம் சொன்னார். நம்ப முயல்கிறேன். முடியவில்லை.

நீலக் கதவு வீட்டுக்கு எதிரே இருப்பதை மட்டும் வாசிக்கிறேன். 'அம்மா அழுதாங்க. ரெண்டு வருஷமா புள்ளைய வேணும்னே பண்றான்னு திட்டிட்டேனே, இத கொஞ்சம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.'

அக்கா எதற்காக மன்னிப்புக் கேட்டார்? தாமதம் யாருடையது? நான் மணியிலிருந்து விரலை எடுத்த நாளுக்கும் அக்கா அந்தக் கதவைத் தட்டிய நாளுக்கும் நடுவே ஏழு வாரங்கள். அந்த ஏழு வாரமும் அந்தப் பையன் திட்டு வாங்கியிருக்கிறான். பதில் என் காலடியில் இருந்தது!

இப்படிப்பட்டவரை எந்தப் பட்டம் சொல்லிப் புகழ்வது? குழுவின் மூத்த உறுப்பினர் என்பதா? நல்ல தையல்காரர் என்பதா? பிறர் தைத்துக் கெடுத்ததைப் பிரித்து, சொல்லிக்காட்டாமல் திருப்பித் தைத்தவர். அதற்குப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஐயா, பதிவேட்டில் என் முப்பத்தெட்டுக் கையெழுத்தையும் அடித்துவிடுங்கள். முப்பத்தொன்று அக்காவின் பெயரில் வரட்டும். ஆய்வறிக்கையிலும் திருத்துங்கள். அதற்குப் பிறகு என்னை வேலையில் வைத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் உங்கள் முடிவு. ஆனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு வீடுகள் மீதமிருக்கின்றன. அவற்றுக்கு நான் போவேன். நாளை காலை பத்து மணிக்கு, முப்பத்திரண்டாம் எண்ணிலிருந்து.

இவ்வளவு சொன்னவள் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. தாளின் கடைசியில் எழுதி, இரண்டு முறை அடித்து, மறுபடியும் எழுதினேன். கேட்கிறேன்.

அண்ணா, அக்காவின் தம்பியான உங்களிடம்தான் கேட்கிறேன்: தனியாகப் போகக் கூடாது என்பது நம் விதி. தனியாகப் போனால் நான் மறுபடியும் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் பேச வேண்டாம். வாசிப்பது நான். மணியை அழுத்தும்வரை பக்கத்தில் நின்றால் போதும். நாளைக்கு என்னோடு வருவீர்களா?