ஐந்தருவி வாய்மூடிய நேரம்

— நான் போட்ட சத்தத்துல ஐந்தருவியும் அப்பிடியே அந்தரத்துல நின்னுட்டு, சுந்தரி. அஞ்சும்! ஒரு சொட்டு கீழ விழல.

— நிக்கும், நிக்கும். மெதுவாப் பேசுங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்கு. பிள்ளை இப்பத்தான் மடியில தூங்குதா.

— நீ பொம்பளையள் பக்கம் குளிக்கப் போயிட்டே. இங்கன நம்ம ஸ்ரீதேவி இரைச்சல் தாங்காம காதைப் பொத்திக்கிட்டு தரையில உருளுதா, அலறுதா. எண்ணெய் தேச்சுக்கிட்டு நின்ன ஒரு தடியன், ‘ஆறு வயசுல என்ன திமிரு, முதுகுல ரெண்டு போடும்வே’ங்கான்.

— நீங்க வழக்கம்போல, ‘பண்பொழி முருகனுக்கு மௌன விரதம், அதான் பேசமாட்டா’ன்னு அளந்திருப்பீய.

— அலறுத பிள்ளைக்கு மௌன விரதம்னு எப்பிடிட்டி சொல்ல?

— ரெண்டு வருசமா சொன்னீயளே! நம்ம ஊரு குத்துக்கல்வலசையே நம்பிட்டு. பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் எலுமிச்சம்பழத்தோட வந்து இவகிட்ட வாக்கு கேட்டாளே!

— பிள்ளை பழத்தை உருட்டிவிட்ட பக்கமாத்தானே போர் போட்டா? தண்ணி பீச்சியடிச்சதுல கரண்டு கம்பியெல்லாம் நனைஞ்சிட்டு!

— சிரிக்காதீங்க. பள்ளிக்கூட ஃபாரத்துல, பிள்ளைக்கு என்ன பாதிப்புன்னு கேட்ட கட்டத்துல ‘விரதம்’னு எழுதுன அப்பன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். டாக்டர் சொன்ன பேரை எழுதினாத்தான் இவளுக்குத் தனி டீச்சர் தருவாவ. நாளைக்குக் கடைசி நாள்.

— பயந்தேன்ட்டி. நாளைப்பின்ன கல்யாணம் காட்சின்னு வந்தா, பிள்ளைக்கு முன்னால அந்தப் பேருல்லா போய் நிக்கும்?

— இன்னைக்கு மட்டும் அந்தப் பயம் எங்கன போச்சாம்?

— அவ தாங்கமுடியாமத் துடிக்கா, அவன் திமிருங்கான். திமிருங்கிற பேருக்கு டாக்டர் வச்ச பேரு எவ்வளவோ மேலுன்னு தோணிட்டு. சத்தமாச் சொல்லிட்டேன். தடியனோட எண்ணெய்க் கை நெஞ்சுலயே நின்னுட்டு. குரங்குவ பறிச்ச பழத்தையெல்லாம் வரிசையில நின்னு திருப்பிக் குடுத்துட்டு.

— என்னன்னு சொன்னீய?

— அதான்... டாக்டர் சொன்னதை. அப்புறம் திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருத்தர் ஈரத்துண்டோட கிட்ட வந்தாரு. ‘எங்க வீட்லயும் உண்டு அண்ணாச்சி’ன்னாரு. அதையும் காதோடதான் சொன்னாரு, பாவம்.

— வீட்டுக்குள்ள என்னையே அந்தப் பேரை எடுக்க விடாத மனுசன், ஊருக்கு முன்னால சொன்னாராம். அருவி நின்னதைக்கூட நம்பிருவேன், இதை நம்பமாட்டேன்.

— சத்தியமாட்டி!

— அப்போ இங்கன சொல்லுங்க. பஸ்ஸு முழுக்க நம்ம ஊர்க்காரவதான்.

— பிள்ளை முழிச்சிருவா...

— முழிக்கட்டும்.

— எம் மவளுக்கு ஆட்டிசம். கேட்டியா? எம் மவ ஸ்ரீதேவிக்கு ஆட்டிசம்! பையில இருக்க ஃபாரத்தையும் பேனாவையும் எடு, விரதத்தை அடிச்சிட்டு இப்பமே அந்தக் கட்டத்துல எழுதுதேன். இப்பமாவது நம்புதியா?

— நடந்தது நெசந்தாங்க. ஈரச் சேலையோட உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னேன். கூப்பிட்டா நிறுத்திருவீயளோன்னு, சத்தங்காட்டாம திரும்பிப் போயிட்டேன்.