உஸ்தாத் ஷலாலி விட்டுவைத்த இடம்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் ஹாஜ் சுப்ஹி அவர்களே! பள்ளிவாசல் இமாம் அவர்களே! கெய்ரோவிலிருந்தும் அஸ்வானிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் நம் நூபியர் சங்கத்துத் தோழர்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, மறைந்த உஸ்தாத் ஷலாலி இத்ரீஸ் அவர்களின் துணைவியார் நப்ரா அக்கா அவர்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்.

ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னவன் நான்தான். பின்வரிசையில் முணுமுணுப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தஃப் அடித்து ஊர்க் காதையெல்லாம் செவிடாக்கிய அவத், இன்றைக்கு மெல்லப் பேசுகிறானே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இன்று நாற்பதாம் நாள். யாரைப் பறிகொடுத்தோம் நாம்? ஊத் வாசிக்கும் ஒருவரையா? ஊத் வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விரல் பறக்க வாசிப்பார்கள், கேட்கிறவன் வாயைப் பிளப்பான். உஸ்தாத் ஷலாலி அப்படி வாசித்தவரா? இல்லை. தந்தியை மூன்று முறை மீட்டுவார், நிறுத்துவார். இன்னும் இரண்டு முறை, மறுபடி நிறுத்துவார். பகலெல்லாம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை பார்ப்பார். வியாழக்கிழமை வந்தால் ஊத் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு நடப்பார். முப்பத்தெட்டு ஆண்டுகளில், கூப்பிட்ட எந்த வீட்டுக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை.

அந்த மனிதரை நான் கேலி செய்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில், கூட்டத்துக்கு நடுவே கேட்டேன்: “உஸ்தாத், உங்க ஊத்துக்கு உடம்பு சரியில்லையா? கஷாயம் வச்சுக் குடுக்கலாமா?”

அவர் தந்தியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: “அது நல்லாத்தான் இருக்கு, அவத். நீ கொஞ்சம் மூச்சு விடு, அதுவும் பேசும்.”

எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருப்பேனா?

எண்பத்தேழாம் ஆண்டு நான் சங்கத்தின் செயலாளர். அவரைக் கெய்ரோவுக்கு அழைத்துப் போய், ஓர் ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார வைத்தேன். வழக்கம்போலத்தான் வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். பாதிப் பாட்டைக் காணோமே என்றார். எனக்கு மானம் போயிற்று. உஸ்தாத் ஊருக்கு ரயிலேறியதும், மூன்று வயலின்காரர்களையும் ஓர் அக்கார்டியன்காரரையும் வரவழைத்து, அவர் நிறுத்திய இடங்களையெல்லாம் நிரப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கேசட்டைத் தெரியாதவர் இங்கே யார்? அஸ்வானில் அது பாடாத டாக்சி உண்டா? நகரத்தார் பாராட்டினார்கள். நம் ஊர்ப் பெரியவர்களோ முகம் சுளித்தார்கள். ‘ஷலாலிக்குக் கெய்ரோக் காற்று அடித்துவிட்டது’ என்றார்கள். என்னை வந்து கேட்டார்கள். நான் என்ன சொன்னேன்? வயலின் வேண்டும் என்று உஸ்தாத்தான் கேட்டார் என்றேன். ஆம்! இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்தப் பழியை அவர் சுமந்தார். ஒரு நாளாவது மறுத்தாரா? ஒரு ஆளிடமாவது என் பெயரைச் சொன்னாரா?

இரண்டு வருடம் கழித்து லாரியிலிருந்து விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு தஃப் அடிக்க முடியுமா? ஒரு கல்யாணத்தில் முதன்முறையாகக் கூட்டத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஹாஜ் மிர்கனி. தொண்ணூறு வயது, நடுங்கும் கை. அவருடைய கைதட்டு எப்போதும் பிந்தித்தான் வரும். என் தஃப் எத்தனையோ கல்யாணங்களில் அதை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அன்று உஸ்தாத் மூன்று முறை மீட்டினார், நிறுத்தினார். இளைஞர்களின் கைகள் தட்டின. அதன்மேல் பெண்களின் கைகள். எல்லோருக்கும் பின்னால், தனியாக, ஹாஜ் மிர்கனியின் கை. அந்தக் கை வந்து சேர்ந்த பிறகுதான் உஸ்தாத் அடுத்த தந்தியைத் தொட்டார்! ஊத் தணியத் தணிய, அதைக் கேட்பதற்காகக் கூட்டமும் கையைத் தணித்தது. யாரோ ஒரு பெண்ணின் வளையல் சத்தம் கேட்டது. கிழவர் மூச்சு விடுவது கேட்டது. அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டில் இடம் இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“காலியா கெடக்குன்னு நெனச்சுட்ட. அது ஊர் உக்கார்ற எடம், தம்பி. நீ அங்க வேற ஆளை உக்கார வச்சுட்ட. பரவால்ல, என்னைக்காவது எந்திரிக்கச் சொல்லு.”

என்றைக்காவது! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருபது வருடத்தை ஓட்டிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், பெருநாள் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அவரைக் கபரில் இறக்கும்போது என் கையிலும் மண் இருந்தது, அப்போதும் சொல்லவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டுப் பெண் முதல் கை தட்டாமல், இந்த ஊரில் தஃப் ஒலிக்காது. மூன்று கல்யாணங்கள் காத்திருக்கின்றன. போன வாரம் ஊர் சார்பில் அனுமதி கேட்க நப்ரா அக்காவிடம் போனேன். தேநீர் கொடுத்தார். பிறகு ஒரு பழைய ஒலிநாடாவை எடுத்து என் முன்னால் வைத்தார். வயலின் சேராத பதிவு. அந்தப் பதிவாளரிடம் உஸ்தாத்தே எழுதிக் கேட்டு வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்திருந்தாராம்.

அக்கா சொன்னது இவ்வளவுதான்: “அந்த வயலினை யாரு வச்சதுன்னு ஊர் முன்னாடி சொல்லு. அப்புறம் நான் கை தட்டுறதா வேணாமான்னு பாக்குறேன்.”

ஊர் மக்களே! வயலினை வைத்தவன் நான். கேட்காமல் வைத்தவன் நான். அவர் கேட்டார் என்று பொய் சொன்னவனும் நான்தான். உஸ்தாத் ஷலாலி இத்ரீஸ் எந்த நகரத்துக்கும் தன்னை விற்றவரல்ல. சங்கத்தின் பெயரில் அந்தக் கேசட் இனி வெளிவராது. அவர் வாசித்தது வாசித்தபடியே, நிறுத்தியது நிறுத்தியபடியே வெளிவரும். இந்த ஊரில் இனி ஊத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி வைக்கப்படாது. நான் இருக்கும் வரை இதற்கு நான் காவல். எனக்குப் பிறகு நீங்கள்.

நப்ரா அக்கா! சொல்லிவிட்டேன். இதோ, நாடாவை ஓடவிடுகிறேன். மூன்று முறை மீட்டுவார், பிறகு நிறுத்துவார். யாரும் அவசரப்பட வேண்டாம். முதல் கை யாருடையது என்று நமக்குத் தெரியும். அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்த இடத்தை இனி நான் நிரப்ப மாட்டேன்.