மூன்றாவது டிரம்மின் ஞாபகம்

நான்கு முனைகளும் பொருந்தும்படி ஒரு பெரிய போர்வையைத் தனியாளாக மடிக்கத் தெரிந்தவளுக்கு, புரோகிராம் எழுதுவது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை, கண்ணு. எது முதலில், எது பிறகு என்று தெரிந்தால் போதும். உன்னை நீ என்று சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் என் மகள் வயதுதான் உனக்கு. நிதானமாகச் சொல்கிறேன், நீயும் நிதானமாகவே எழுதிக்கொள்.

நான் வேலை பார்த்தது சலவை ஆலையில். ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி எல்லாம் அங்கேதான் வரும். உள்ளே ஓர் ஆள் குனிந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய சலவை டிரம்கள். வட்டமான கண்ணாடிக் கதவு. நான் மடிப்பு மேஜைக்காரி. அந்த மேஜை முன்னால் உட்காரக் கூடாது, தெரியுமா? வேலை முடியும்வரை நின்றே ஆக வேண்டும். நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பில், முகம் தெரியாத யார் யாரோ பேசும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் அரைகுறை. புரியாத வார்த்தையைப் படம் மாதிரி மனதில் வைத்துக்கொள்வேன். இந்தப் படத்தைப் போட்டால் இது நடக்கும், அவ்வளவுதான்.

அதே ஆலையில் டிரம் பக்கம் வேலை பார்த்த என் நாத்தனார்தான் ரொம்பக் கேலி செய்வாள். "இனிமே எங்க அண்ணனுக்குச் சாப்பாடு வேணும்னா என்டரைத் தட்டினாத்தான் அண்ணி போடுவாங்க" என்று மேஜைக்கு மேஜை சொல்லிச் சிரிப்பாள். கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்தச் சமயத்தில் டிரம்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவற்றைச் செய்த கம்பெனியே மூடிக் கிடந்தது. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய், "சார், நான் எழுதிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"என்னம்மா, லீவ் லெட்டரா?" என்றார்.

என் புரோகிராமில் முதல் டிரம் ஓடியபோது அவர் சிரிக்கவில்லை. எல்லா டிரம்களும் ஓடிய பிறகு, கண்ணாடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். சுற்றுகிற நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். உனக்கு அது புரியாது. நீ உட்கார்ந்தே வேலை பார்க்கிறவள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிரம் சுற்றும்போது கதவைத் திறந்தால் நின்றுவிடும். மூடினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உள்ளே ஆள் ஏற வேண்டுமென்றால் ஸ்டாப் பொத்தானை அழுத்திவிட்டு ஏற வேண்டும். அதை அழுத்தினால் டிரம் நிற்பதோடு, முன்பு கொடுத்த ஸ்டார்ட்டையும் மறந்துவிட வேண்டும். நான் எழுதிய புரோகிராமில் டிரம் நின்றது, ஆனால் மறக்கவில்லை. மறக்கச் சொல்லும் வரியை எழுத விட்டுப்போயிருந்தது. ஒரே வரி.

மூன்றாவது டிரம்மில் போர்வை சிக்கியது. நாத்தனார் ஸ்டாப்பை அழுத்திவிட்டு உள்ளே ஏறினாள். யாரோ தள்ளிக்கொண்டு வந்த துணி வண்டி இடித்துக் கதவு மூடிக்கொண்டது. டிரம் சுற்றியது. ஈரப் போர்வை கயிறாக முறுக்கி அவள் கையைச் சுற்றியது. ஓடிவந்து நிறுத்துவதற்குள் வலது கை தோளோடு போய்விட்டது.

ஸ்டாப்பை அழுத்தாமலே ஏறிவிட்டாள் என்று மேனேஜர் சொன்னார். எல்லாரும் அதையே சொன்னார்கள். கண்ணாடி அறைக்குப் போய்ப் புரோகிராமைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் என் சேலையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அண்ணி, சத்தியமா நான் அழுத்திட்டுத்தான் ஏறினேன்" என்றாள்.

"வலியில உனக்கு ஞாபகம் இருக்காதும்மா. தூங்கு" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். தூங்கினாள்.

பிறகு வெளியிலிருந்து பரிசோதனைக்கு ஓர் எஞ்சினியர் வந்தார். ஒல்லியாக, அதிர்ந்து பேசாத பிள்ளை. விடுமுறை நாளில், ஆலை காலியாக இருக்கும்போது பார்க்கிறேன் என்றார். நானும் அவரும் மட்டும்தான். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன், "நீங்க உட்காருங்கக்கா" என்று நின்றபடியே படித்தார்.

"யாருகிட்டக்கா கத்துக்கிட்டீங்க? இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றார்.

அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர்கூட. அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. "எல்லாருக்கும் விட்டுப்போறதுதான்க்கா. ஆனா ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். இனிமே இதை முறையாப் படிச்சவங்க பார்க்கட்டும்னும் எழுதணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

"அப்ப நான்?"

"பழைய வேலை இருக்குல்லக்கா?"

சரி தம்பி என்றேன். ஒரு வரியைச் சேர்த்துவிடவா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவசரப்படாதீங்க. நடந்தது மறுபடி நடக்கணும். அதைக் கண்ணால பார்க்கணும். அப்புறம்தான் திருத்தணும். இல்லாட்டி, திருத்தியாச்சுன்னு எப்படிச் சொல்றது?"

அது இந்தத் தொழிலின் முறைதான், கண்ணு. நானும் அந்த வீடியோக்களில் கேட்டிருக்கிறேன். நடந்தபோது என்னென்ன இருந்ததோ, அதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்றாவது டிரம்மிடம் போனோம். ஸ்டார்ட்டை அழுத்தினார். சுற்றியது. ஸ்டாப்பை அழுத்தினார். நின்றது. கதவைத் திறந்தவர், உள்ளே ஓட்டைகளில் நாத்தனாரின் போர்வைக் கிழிசல் இன்னும் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எடுத்துவிடலாம் என்றார்.

"மெயின் ஸ்விட்சை இறக்கிட்டீங்களாக்கா?"

"இறக்கிட்டேன் தம்பி."

அது பொய். அதையும் எழுதிக்கொள்.

போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏறினார். நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. துணி வண்டியை முழங்காலால் தள்ளுவோமே, அப்படிக் கதவைத் தள்ளினேன்.

முதலில் அக்கா என்று கூப்பிட்டார். வெளிச்சம் கண்ணாடிக்குள் வட்டம் வட்டமாகப் போனது. பிறகு வேகம் எடுத்தது. கல்லைப் போட்டு அலசினாற்போலச் சத்தம். வெளிச்சம் அணைந்தது. பிறகு தண்ணீர் விடும் கட்டம். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத்தான் திறந்துவிட்டேன். ரத்தக் கறைக்குச் சூடு ஆகாது, படிந்துவிடும். கண்ணாடி முழுக்கச் சிவந்து, பிறகு வெளிறியது. சிவப்பு ஸ்டாப் பொத்தான் மேல் கடைசிவரை என் கை இருந்தது. அழுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் சோதனை ஆகாதே என்று விட்டுவிட்டேன்.

என்ன கண்ணு, பேனா நின்றுவிட்டது? கொஞ்சம் தண்ணீர் குடி.

அப்புறம் கண்ணாடி அறைக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரியைச் சேர்த்தேன். திரும்பி வந்தேன். அவர் உள்ளேயேதான் இருந்தார். ஸ்டார்ட், ஸ்டாப், கதவைத் திறந்தேன், மூடினேன். டிரம் அசையவில்லை. இன்னொரு முறை மூடினேன். அசையவில்லை. அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நாத்தனாரிடம் சொல்லிவிடு, இனி அங்கே யாருக்கும் கை போகாது. மேனேஜரிடமும் சொல், படித்தவர் யாரையும் தேட வேண்டாம், நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அந்த நாற்காலியை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். நான் சேர்த்த அந்த வரியை அந்தத் தம்பி பார்த்திருக்க வேண்டும், கண்ணு. சுத்தமாக எழுதியிருக்கிறேன் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருப்பார்.