கொடுக்காத கிரீடம்

கலோக்ரெமோ ஊரின் தலைவரும், இந்த மேடையின் தலைவரும், "லோயிசோ, அஞ்சே நிமிஷம்" என்று என் காதில் ஓதிவிட்டு அமர்ந்திருப்பவருமான அண்ணன் ஸெனோன் அவர்களே. விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு செய்து, எனக்குப் பின்னால் நிற்கிற சுவருக்கும் வண்ணம் வாங்கிக் கொடுத்த கடற்கரை விடுதி முதலாளி அவர்களே. எனக்காக ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன பாதிரியார் வர்னாவாஸ் அவர்களே. காப்பிக் கடையின் ஆயுள் உறுப்பினர்களான பெரியோர்களே. காலையில் உருளைக்கிழங்கு விதைத்த செம்மண் இன்னும் நகக்கண்ணில் இருக்க, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. நான் எப்போது உளறுவேன் என்று காத்திருக்கும் இளைஞர்களே, உங்களை ஏமாற்ற மாட்டேன்! அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

ஓவியத் திறப்பு விழாவில் நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். ஏன் என்னை? நான் படித்தவனா? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம். அழகனா? என் மனைவி முன் வரிசையில்தான் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். சிரிக்கிறாள், பதில் வந்துவிட்டது. எனக்கு ஒரே ஒரு தகுதிதான். இருபது வருஷத்துக்கு மேலாக, ஆண்டுக்கு ஒரு நாள், மீசையை மழித்துக்கொண்டு இந்த ஊருக்கு, ஐந்நூறு வருஷத்துக்கு முன் வெனிஸ்காரர்கள் இறக்கிவிட்ட நம் தீவின் கடைசி ராணி கத்தரீனாவாக இருந்தவன் நான்.

ராணி நாட்டைவிட்டுப் போனதை நாம் ஊர்வலமாக நடிக்கிறோமே, அதில் பெண்பிள்ளை கழுதைமேல் ஏறி நடுத்தெருவில் அழுவதா என்று அந்தக் காலத்து அப்பன்மார் மறுத்துவிட்டார்கள். அதனால் ஆண்களே ராணியானோம். முதல் வருஷம் எனக்கு அழுகை வரவில்லை. என் மனைவி வெங்காயத்தை வெட்டிக் கழுத்துப்பட்டையில் செருகிவிட்டாள். நான் அழுதேன், கழுதை அழுதது, பக்கத்தில் நடந்த பாதிரியாரும் அழுதார்.

சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டு இந்தச் சுவரைப் பாருங்கள்.

யார் இவள்? பொன்னிறக் கூந்தல், பூப்போட்ட பட்டாடை, பல் தெரியும் புன்னகை. பட்டுத் தலையணையில் கிரீடத்தை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, சிவப்பு அங்கி போட்ட வெனிஸ்காரனிடம் நீட்டுகிறாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பலகாரத் தட்டு நீட்டுவதைப் போல. இவளா நம் ராணி?

பதினான்கு வயதில், முகம் பார்க்காத மன்னனுக்கு, அவன் வராமலேயே, பிறந்த ஊரான வெனிஸ் நகரம் அவளை மணமுடித்து வைத்ததே, அப்போது சிரித்தாளா? கடல் கடந்து நம் சைப்ரஸுக்கு வந்த மறுவருஷமே, வயிற்றில் பிள்ளையோடு கணவனைக் குழிக்குள் இறக்கினாளே, அப்போது சிரித்தாளா? பிறக்கும்போதே மன்னனாகப் பிறந்த அந்தப் பிள்ளை முதல் பிறந்தநாளைக் காணாமலே போனானே, அப்போது சிரித்தாளா? அரியணையில் அவளை உட்காரவைத்துவிட்டு, அரசாங்கத்தை ஆண்டுக்கணக்கில் அடுத்தவன் நடத்தினானே, அப்போது சிரித்தாளா? கடைசியில் அதே வெனிஸ்காரர்கள் அவள் கூடப்பிறந்த அண்ணனையே கப்பலேற்றி அனுப்பி, "இறங்கு" என்றார்களே, அப்போதா சிரித்தாள்? கறுப்பு உடுத்திக் குதிரையேறி, கண்ணீர் நிற்காமல் போனாள் என்று அக்காலத்தவர் எழுதிவைத்தார்கள். நமக்குக் குதிரைக்கு வசதியில்லை. கண்ணீருக்குமா வசதியில்லை?

நம் ஊர்வலத்துக்கு ஒரு விதி உண்டு. இங்கே இருக்கும் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ராணியின் இரண்டு கையும் அங்கியின் கைக்குள் மடங்கியே இருக்க வேண்டும். அண்ணன் வேஷக்காரன்தான் அவள் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்ற வேண்டும். ராணி உதவக்கூடாது. ஒருமுறை கிரீடம் என் காதில் மாட்டிக்கொண்டது. காது பிய்ந்தது, கை வெளியே வரவில்லை. தழும்பு இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் பிறகு வந்து பார்க்கலாம். கழற்றியவனுக்கு அந்த வாரம் முழுக்க ஊரில் ஒருவரும் காப்பி கொடுக்க மாட்டார்கள். நம் தலைவர் ஒருமுறை அண்ணன் வேஷம் கட்டினார். நாடகம் என்பதை மறந்து என் மாமியார் உருளைக்கிழங்கால் அடித்தே விட்டாள். என்ன அண்ணே, அதையெல்லாம் சொல்ல வேண்டாமா? சரி, சொல்லவில்லை.

எதற்கு இந்த விதி? எடுத்தார்கள், அவள் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் கழுதையும் நானும் ஆண்டாண்டாக இந்தத் தெருவில் சொல்லிக்கொண்டு போனோம்.

ஓவியர் தம்பி தலைநகர் நிகோசியாவிலிருந்து வந்து, என்னை அங்கியோடு முற்றத்தில் நிற்கவைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கக் கிறுக்கிக்கொண்டு போனார். கையை மடக்கித்தான் நின்றேன். என் தொப்பையை அவர் வரையாததற்கு நன்றி. ஆனால் மடக்கிய கை எங்கே போயிற்று? கேட்டேன். "மாமா, அழுமூஞ்சியா வரைஞ்சா எவன் நின்னு போட்டோ எடுப்பான்?" என்றார். வெனிஸில் அவள் கல்லறையிலேயே கிரீடத்தைக் கொடுக்கிற மாதிரிதான் செதுக்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

இருக்கலாம் தம்பி. அந்தக் கல்லறை யாருடையது? அவள் பிறந்த வீட்டாருடையது. அவளை இறக்கி அழைத்துப்போனது யார்? அதே வீட்டு அண்ணன். பறித்தவன் வீட்டுக் கல்லில் கொடுத்ததாகத்தானே இருக்கும்? அவர்கள் கல், அவர்கள் உளி, அவர்கள் பொய். இது நம் சுவர் அல்லவா!

இந்த வருஷம்தான் முதன்முறையாக ஒரு பெண் ராணியாகப் போகிறாள் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. என் மகள் ஸ்தாலோ. உருளைக்கிழங்கு லாரியை என்னைவிட ஒழுங்காக ஓட்டுகிறவள். சின்ன வயதிலிருந்து கழுதைக்குப் பின்னாலேயே நடந்து, எனக்கு எப்போது வயதாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள். என் அங்கிக்குள் இரண்டு ஸ்தாலோ நிற்கலாம், பிடித்துத் தைக்கவே பத்து நாளாயிற்று. நேற்று ஒத்திகை. தலைவர் அவளிடம், சுவரில் இருக்கிறபடி கையை நீட்டு, சிரி, விடுதிக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள் என்றார். அவள் சொன்னாள்: "நீட்டினா நான் ராணி இல்ல பெரியப்பா. பரிசு குடுக்க வந்த பொண்ணு."

தலைவர் என்ன சொன்னார்? "அப்ப இறங்கு. என் பொண்ணு அந்தூசா ஏறட்டும்."

இறங்கு! அண்ணே, அந்தச் சொல்லை உங்கள் வாய் எங்கே கற்றது?

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அங்கியை மடித்து மேசைமேல் வைத்தாள். சோற்றைத் தொடவில்லை. "நாளைக்கு நீங்க மேடையில நன்றி சொல்லப் போறீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இதோ, நன்றி சொல்கிறேன். விளக்குக்கு நன்றி. வண்ணத்துக்கு நன்றி. இந்தச் சிரிப்புக்கு மட்டும் நன்றி சொல்ல என் நாக்கு வரவில்லை. முதலில் அவள் கிரீடத்தை எடுத்தார்கள். இப்போது, எடுத்தார்கள் என்பதையே எடுக்கிறார்கள்! ஒரு பெண்ணிடம் இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு, உவகையோடு கொடுத்தாள் என்று ஊர்ச்சுவரில் எழுதுவதா? அதற்கு என் மகள் பல்லைக் காட்டுவதா? என் மகள் இல்லையென்றால் இன்னொருவன் மகள் காட்டுவதா?

என்னம்மா அங்கே? யார் எழுந்து நிற்கிறது? அந்தூசாவா? சத்தமாகச் சொல் தாயி, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை.

கேட்டீர்களா? கேளாதவர்களுக்கு நான் சொல்கிறேன். "அப்பா, நானும் கைய நீட்ட மாட்டேன். ஸ்தாலோ அக்காவே ஏறட்டும்" என்கிறாள்.

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். தலைவர் என் அங்கியை, இல்லை, சட்டையை இழுக்கிறார். "அப்ப கையில என்னதான்டா பண்ணுவா அவ?" என்று கேட்கிறார். ஒன்றும் பண்ண மாட்டாள் அண்ணே. சும்மா இருப்பாள். தலையை ஆட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டிவிட்டார்.

என் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துபோயிற்று. பொறுத்த பெரியோர்களுக்கும், குளிரில் அமர்ந்த தாய்மார்களுக்கும், எழுந்து நின்ற அந்தூசாவுக்கும் தலைவணங்குகிறேன். நாளை ஆராதனை முடிந்ததும் ஊர்வலம், எல்லோரும் தெருவுக்கு வாருங்கள். எடுக்க வருகிறவன் எவனானாலும் அவன் கையை அவனே நீட்டட்டும். நாம் எல்லோரும் பார்க்க நீட்டட்டும். நன்றி, வணக்கம்.