பதினோரு மணிக் கல்

மலர்விழி: ...இன்னொரு தபா சொல்லுங்கக்கா. ஜவ்வரிசிக்குக் கெழங்கு துருவுற டிரம்முக்குள்ள கல்லு எப்படிப் போவுது?

குஞ்சம்மாள்: இன்னா எஞ்சினியரம்மா, மரவள்ளிக் கெழங்கு கடையிலயா காய்க்குது? கல்வராயன் மலையிலேர்ந்து மண்ணோட வருது. கல்லும் வரும்.

மலர்விழி: கழுவி, தோலு சீவி, பத்து பேரு கை பட்டுதான பெல்ட்டுல ஏறுது?

குஞ்சம்மாள்: கண்ணு தப்பும்ல... ஒங்க வூட்டு அரிசியில கல்லு வராதா?

மலர்விழி: வரும். டெய்லி பதினொண்ணுக்கும் மூணுக்கும் டாண்ணு வராது.

குஞ்சம்மாள்: யாரு சொன்னா?

மலர்விழி: டிரம்மு மேல நாங்க மாட்டின டப்பா. அதிர்வு மாறினா இன்னா பழுதுன்னு கண்டுபுடிச்சி, மிஷின அதுவே நிறுத்திடும். என் போனுக்கும் சொல்லிடும்.

குஞ்சம்மாள்: அடேங்கப்பா... கோள்மூட்டி டப்பா!

மலர்விழி: மலைக்கெழங்கு வராம சின்னசேலத்துக் கெழங்கு வந்த அன்னிக்கும் அதே நேரம். அதிர்வும் அதே மாதிரி. இருபது நாளா ஒரே கல்லுக்கா. மிஷின் ரிப்பேரு பாக்குற பிட்டரு எடுத்து வீசுனது திரும்ப எப்படி ஏறுது?

குஞ்சம்மாள்: ...கல்லுல பேரா எழுதியிருக்கு?

மலர்விழி: பேர நான்தான் எழுதணும். சாயங்காலம் முதலாளிக்கு ரிப்போர்ட் போவுது. பெல்ட்டு வாயில நிக்கிறது பச்சையம்மாளு...

குஞ்சம்மாள்: அய்யோ, அவ பேர எழுதாத கண்ணு! இன்னிக்கே வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு. ஏழு மாசம் அவளுக்கு.

மலர்விழி: அப்ப யாரு? மடியில இன்னா முடிஞ்சி வெச்சிக்கினு இருக்கீங்க?

குஞ்சம்மாள்: பாக்கு...

மலர்விழி: பாக்கு இவ்ளோ பெருசாவா?

குஞ்சம்மாள்: ...இந்தா, புடி. குஞ்சம்மாள்னு எழுதிக்கோ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

மலர்விழி: மிஷின ஒடைக்கிற அளவுக்கு யாரு மேலக்கா கோவம்?

குஞ்சம்மாள்: ஒடையாதுன்னு தெரிஞ்சிதான் போட்டேன். ஒன் டப்பாதான் நிறுத்திடுமே.

மலர்விழி: நின்னா ஒங்களுக்கு இன்னா?

குஞ்சம்மாள்: முன்னல்லாம் நாளைக்கு ரெண்டு தபா அதுவா பழுதாயி நிக்கும். பிட்டரு வந்து தொறக்குறதுக்குள்ள பத்து பொம்பளைங்களும் ஓடிப்போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துடுவோம். நீ டப்பா மாட்டினதுலேர்ந்து, பழுது வர்றதுக்கு முன்னாடியே அது சொல்லிடுது, ராத்திரியே சரி பண்ணிடுறாங்க; மிஷினு தானா நிக்கவே மாட்டேங்குது. ஓடுற பெல்ட்ட வுட்டு எங்கள நகர வுடமாட்டாங்க... புள்ளத்தாச்சி, அவ எவ்ளோ நேரம் அடக்கிக்கினு நிப்பா?