ஏழாம் கதவின் சிப்பாய்க்கு இரண்டு நட்சத்திரம்

— ...அதுக்குள்ள வேலையை விட்டுடறேன்னு எழுதிட்டார்க்கா! நாளைக்குக் காலையிலேயே! நான் செத்தேன். சத்தியமா செத்தேன்.

— மெதுவா பேசு வாலு. இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டை மாதிரி. யாரு வேலையை விடறா?

— அப்பா.

— எந்த அப்பா?

— நமக்கு எத்தனை அப்பா இருக்காங்க? நம்ம அப்பாதான். தளபதிகிட்ட உத்தரவு கேட்டுட்டு உக்காந்திருக்கார். தளபதி சரின்னு சொன்னா விடிஞ்சதும் போய்ச் சொல்லிடுவாராம்.

— அப்பாவுக்கு ஏதுடி தளபதி? அவர் பார்சல் வண்டி ஓட்டறார்.

— தளபதி நான்தான்க்கா.

— முதல்ல அந்தப் போர்வையை விட்டு வெளிய வா. நெத்தியைக் காட்டு. சுடுதா பாக்கறேன்.

— காய்ச்சல் எல்லாம் இல்ல. கேளு. நீ காலேஜ் முடிஞ்சு மருந்துக்கடையில நின்னுட்டு வந்து கட்டையா விழுந்துடறே, வீட்ல என்ன நடக்குதுன்னே உனக்குத் தெரியல. அப்பா ஒரு புத்தகம் எழுதியிருக்கார்.

— அப்பாவா? கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லி பார்சல் மேல இருக்கிற விலாசத்தையே என்னைப் படிக்கச் சொல்றவரா?

— சத்தியமாக்கா. பாடப் புத்தகம் தேடலாம்னு நம்ம மின்புத்தக அக்கவுன்ட்டைத் திறந்தேன். மூலையில ‘நீங்கள் வெளியிட்டவை’ன்னு இருந்துச்சு. தொட்டேன். “ஏழாம் கதவின் சிப்பாய்”. குறுநாவல். கீழ அப்பா பேரு, இனிஷியலோட.

— அது நாம எல்லாருமே போட்டுக் குழப்பற அக்கவுன்ட் ஆச்சே.

— அப்பா பேர்லதானே இருக்கு. கேஸ், கரன்ட், இன்டர்நெட் எல்லாம் மாதிரி.

— அதுவும் சரி. என்ன கதை?

— ராணுவம். விண்வெளி. ஆளே இல்லாத கிரகத்துல ஒரு கோட்டை. அதோட ஏழாம் கதவுல ஒரே ஒரு சிப்பாய் காவல். தினமும் காலையில எதிரிங்க வண்டி வண்டியா வந்து எறங்குவாங்க. உடம்பெல்லாம் கறை. இவன் ராத்திரி வரைக்கும் அடிச்சு முடிப்பான். மறுநாள் பாத்தா மறுபடியும் அதே கூட்டம்.

— ஜெயிக்கவே மாட்டானா?

— மாட்டான். ஓயவும் மாட்டான். அவன் போட்டிருக்கிற கவசம் இருக்கே, மூடி சரியா மூடலைன்னா கிளம்பாதுக்கா. எதிரி நெஞ்சுல துப்பாக்கியை வெச்சுட்டு நிக்கறான், கவசம் ‘மூடியைச் சரிபார்க்கவும்’னு கத்துது. ஏழு பக்கம் கத்துது.

— கடவுளே.

— யுத்தம் முடிஞ்சாலும் உடனே திறக்காது. உள்ள தண்ணி வடியற வரைக்கும் சிப்பாய் அப்படியே நிக்கணும். அந்த இடத்துல நான் அழுதுட்டேன்.

— தண்ணி வடியறதுக்கா?

— நீ படிச்சிருந்தா இப்படிக் கேக்க மாட்டே. சரி, விடு. கீழ வாசகர் கருத்துன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு. “கதவு செய்வது எப்படி என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. தச்சுத் தொழிலில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். ஒரு நட்சத்திரம்.”

— சிரிக்க வைக்காதே, வயிறு வலிக்குது.

— எனக்குச் சிரிப்பு வரலக்கா. பாவம், எத்தனை நாள் உக்காந்து எழுதினாரோ. படிச்சது ஒரு தச்சர், அதுவும் தப்பா. அதான் வேற வேற பேர்ல அக்கவுன்ட் திறந்து நானே எழுதிட்டேன். முதல்ல ‘நட்சத்திரப் பயணி’. அஞ்சு நட்சத்திரம். “இப்படி ஒரு போர்க்கதை இதற்கு முன் வந்ததில்லை. இனி வந்தாலும் நான் படிக்க மாட்டேன்.”

— அது பாராட்டா, திட்டா?

— பாராட்டுதான்! அப்புறம் ‘பெயர் சொல்ல விரும்பாத விஞ்ஞானி’. “மூடி சரியாக மூடாத கவசம் இயங்காது என்பது அறிவியல்படி நூற்றுக்கு நூறு உண்மை.” நாலு நட்சத்திரம். எல்லாரும் தூக்கி வெச்சா சந்தேகம் வருமே, ஒருத்தராவது திட்டணுமேன்னு கடைசியா ‘தளபதி, ஓய்வு’. ரெண்டு நட்சத்திரம்.

— தளபதிக்கு என்ன குறை?

— படிக்கறேன், இரு. “நானும் ராணுவத்தில் இருந்தவன். ஒரு சிப்பாய் இருபது வருடம் ஒரு நாள்கூட விடுப்புக் கேட்காமல், மாற்று ஆள் இல்லாமல், ஒரே கதவில் நிற்பானா? கொஞ்சமும் நம்பும்படி இல்லை.”

— நியாயமான கேள்விதானே?

— அங்கதான்க்கா வினையே. அன்னிக்கு ராத்திரியே எழுத்தாளர் பதில் போட்டுட்டார். “நிற்பார்கள் தளபதி. நீங்கள் பார்த்ததில்லை.” அவ்வளவுதான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு.

— உனக்கு ஏன்டி ரோஷம்?

— தளபதிக்கு வந்துச்சுக்கா! நானும் பதில் போட்டேன். நடுவுல விஞ்ஞானி வேற வந்து தளபதியை ‘துப்பாக்கி தூக்கிய மூடர்’னு எழுதிட்டார்.

— விஞ்ஞானியும் நீதானே?

— ஆமா. ஆனாலும் நாட்டுக்கு உழைச்ச மனுஷனை அப்படிப் பேசலாமா? அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

— எனக்கு மருந்துக்கடையில எல்லா மாத்திரையும் தெரியும். உனக்கு என்ன கொடுக்கறதுன்னுதான் தெரியல.

— கிண்டல் பண்ணாதேக்கா. அப்புறம் தனியா மெசேஜ் போட ஆரம்பிச்சோம். தினமும் இந்த நேரத்துக்கு. சிநேகம் ஆயிட்டோம். தளபதிக்கு மூட்டுவலின்னு ஒரு நாள் சும்மா விட்டேன். அதுலேருந்து தினமும், “கல்லுப்பு போட்டு வெந்நீரில் காலை வைத்தீர்களா?”ன்னுதான் முதல் வரி.

— நம்ம அப்பாவா? நான் சைக்கிள்லேருந்து விழுந்து ரத்தம் கொட்ட வந்தப்ப, தரை வழுக்கும் பாத்துப் போன்னு சொன்னாரே, அந்த அப்பாவா?

— எழுத்துல வேற ஆளுக்கா அவர். நேர்ல வெட்கம். ஒரு நாள் நான் ஜாடையா, ‘என்னப்பா, சிப்பாய் எப்படி இருக்கான்’னு கேட்டேன். ‘எந்தச் சிப்பாய், போய்ப் படி’ன்னு டிவி பக்கம் திரும்பிட்டார். எப்படி நடிச்சார் தெரியுமா? முகத்துல ஒரு சின்ன அசைவு இல்ல.

— வாலு, விஷயத்துக்கு வா. வேலையை விடறேன்னு ஏன் சொன்னார்?

— போன வாரம் இப்படி எழுதினார். “என் வீட்டில் யாருமே இதைப் படிக்கவில்லை தளபதி. ஒன்று களைத்துப்போய் வந்து படுத்துவிடுகிறது. இன்னொன்று எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறது. நீங்கள்தான் என் வாசகர்.” அந்தப் போன்ல அவருக்குத்தான்க்கா பதில் எழுதிட்டிருந்தேன்!

— அழாதே. அப்புறம்?

— பாவமா இருந்துச்சா, தளபதி வாய் தவறி, ‘இரண்டாம் பாகம் வந்தால் மூன்று நட்சத்திரம் தருவேன்’னு சொல்லிட்டார்.

— ஒரு நட்சத்திரத்துக்காகவா வேலையை விடறார்?

— “அலுப்போடு வந்து உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. நாளைக் காலை டியூட்டியை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.” வந்து அரை மணி ஆச்சு. ரூம்ல விளக்கை அணைச்சுட்டு, போர்வைக்குள்ள போனை வெச்சுட்டுக் காத்துட்டிருப்பார்.

— பேசாம போய் உண்மையைச் சொல்லிடு.

— என்னன்னு சொல்ல? அப்பா, உன் கதையை உலகத்துலயே நானும் ஒரு தச்சரும்தான் படிச்சோம்னா? நெஞ்சு வெடிச்சுடும் அவருக்கு.

— அப்ப ஒரே வழிதான். தளபதி உத்தரவு போடட்டும். போனைக் கொடு.

— நீ எழுதாதேக்கா, உனக்குத் தளபதி பாஷை வராது. நீ சொல்லு, நான் அடிக்கறேன்.

— எழுது. “சிப்பாயே! நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது.”

— கூடாது...

— “உன்னை நம்பி வீட்டில் வயிறுகள் இருக்கின்றன. கதை எல்லாம் ஓய்வு நேர விளையாட்டு.” நிறுத்து, ‘உன் மாதிரி ஆளுக்கு’ன்னு முன்னாடி சேத்துக்கோ. கொஞ்சம் உறைக்கணும்.

— ரொம்ப உறைக்குதுக்கா.

— என் படிப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. உறைக்கட்டும். “இனி இந்தப் பேச்சை எடுக்காதே. இது உத்தரவு.” அனுப்பு.

— நீயே அனுப்புக்கா.

— தள்ளு, நான் அமுக்கறேன். போச்சு. அவ்வளவுதான். இதுக்குப் போய் நடுராத்திரில ஒப்பாரி.

— படிச்சுட்டார். ரெண்டு கோடும் நீலமாயிடுச்சு. பதிலே காணோம்.

— யோசிக்கட்டும். தொண்டை காயுது, தண்ணி குடிச்சுட்டு வரேன்.

— சமையல்கட்டுல லைட் எரியுது, பாத்துப் போ.

— அம்மா நாளைக்கு எதையாவது நறுக்கி வெச்சுட்டிருப்பாங்க. நாள் முழுக்க ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மெஷின்ல போட்டுத் துவைச்சுட்டு வந்தும் கை சும்மா இருக்காதே அவங்களுக்கு. கூப்பிட்டா என்ன, ஏதுன்னு கேப்பாங்க. சத்தம் போடாம ஹால் பானையிலேயே குடிச்சுக்கறேன்.

— அக்கா, சீக்கிரம் வா... ஏன் அப்படி நிக்கறே? வந்து கதவைச் சாத்து.

— வாலு. அப்பா ரூம்ல இல்ல. ஹால் சோபாவுல தூங்கறார். வாயைப் பொளந்துட்டு.

— தூங்கற மாதிரி நடிப்பார்க்கா. நான் சொன்னேன்ல.

— குறட்டையில திரைச்சீலை ஆடுது. அப்படி யாராலயும் நடிக்க முடியாது. அவர் போன் டிவி பக்கத்துல சார்ஜ்ல கிடக்கு.

— அப்ப இது யாரு? இப்பதான் பதில் வந்துச்சு.

— படி.

— “உத்தரவு தளபதி. நீங்கள் சொல்வதுதான் சரி. என் மாதிரி ஆளுக்கு இதெல்லாம் எதற்கு. காலையில் எல்லோருக்கும் டப்பா கட்டி வைத்துவிட்டு, வழக்கம்போல முதல் பஸ்ஸில் டியூட்டிக்குப் போய்விடுகிறேன். கால் பத்திரம்.”

— அப்பா எப்ப டப்பா கட்டினார்?

— அப்பா எதுக்குக்கா பஸ்ல போறார்? பார்சல் வண்டி வாசல்லயே நிக்குதே.

— வாலு... அந்தக் கதையில எதிரிங்க எப்படி வருவாங்கன்னு சொன்னே?

— வண்டி வண்டியா. உடம்பெல்லாம் கறை... அக்கா. அக்கா, நறுக்கற சத்தமே கேக்கலக்கா. இவ்வளவு நேரமா கேக்கவே இல்ல.

— அந்த மெசேஜை அழி. இப்பவே அழி.

— படிச்சாச்சேக்கா! ‘உன் மாதிரி ஆளுக்கு’ன்னு நீதானே சேக்கச் சொன்னே!

— எனக்கு என்னடி தெரியும்! புத்தகத்துல அப்பா பேருதானே இருந்துச்சு!

— ஷ்ஷ். இரு. இன்னும் டைப் பண்றாங்க.

— என்ன எழுதறாங்க?

— நிறுத்தறாங்க. மறுபடியும் எழுதறாங்க... வந்துடுச்சு.

— படி வாலு.

— “படுக்கப் போகும் முன் ஒரே ஒரு சந்தேகம் தளபதி. அன்றைக்கு நீங்கள் கேட்டதுதான். அந்தச் சிப்பாய்க்கு மாற்று ஆள் எப்போது வருவார்?”