வாசலில் சோறூட்டச் சொன்ன டீச்சருக்கு

பேச்சுப் பயிற்சி ஆசிரியை திருமதி பிரிசில்லா அவர்கள் பணி நிறைவு பெறும் இந்த நன்னாளில், மண்ணரைப் பள்ளிக் குடும்பத்தார் வாசித்தளிக்கும் மடல்.

வாய் திறவா மழலைக்கும் வழி திறந்து வைத்தவரே! நா புரளாப் பிள்ளையின் நாவிலே நம்பிக்கையை நட்டு வைத்தவரே! திங்கள் மண்ணரை, செவ்வாய் வேலம்பாளையம் என வாரமெல்லாம் வண்டியிலே வலம் வந்த வள்ளலே! சோப்பு நுரையை ஊதி ஊதிச் சொல் விளைய வைத்த சோர்வறியாச் செல்வியே! வணக்கம்! வணக்கம்!

இந்த நாலு வரியை வாசிப்பதற்குள்ளேயே எங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மூச்சை நிறுத்தி மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள் என்பதால் சமாளித்துவிட்டோம். இனி எங்களுக்குத் தெரிந்த தமிழிலேயே சொல்லிவிடுகிறோம் அம்மா.

உங்கள் வண்டியில் தொங்கும் பையில் என்ன இருக்கும் என்று எங்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடி, ஊதல், உறிஞ்சுகுழல், சோப்பு நீர் டப்பா, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியை உருட்டிச் சுற்றிய கலர் கலர் பந்துகள். நீங்கள் கேட்டுக்குள் நுழைந்தாலே "முட்டை டீச்சர் வந்துட்டாங்க" என்று சத்தம் கிளம்பும். நீங்கள் ஊதவைக்கும் சோப்பு முட்டைகளால் வந்த பட்டப்பெயர் அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் உங்களைச் சத்துணவில் முட்டை எண்ண வந்த அதிகாரி என்று நினைத்து, சமையலறைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். நீங்களும் அன்று சிரிக்காமல், "முட்டையெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டு வைத்தீர்களே!

பெற்றோர்கள் உங்களிடம் எத்தனையோ சொல்லுவார்கள். அவன் அப்பனும் அஞ்சு வயதில்தான் பேசினான் என்பார்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டினோம் என்பார்கள். நீங்கள் ஒருவரையும் கேலி செய்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க, அதும் இருக்கட்டும். இதையும் செஞ்சு பாக்கலாமுங்க" என்பீர்கள். அந்த "அதும் இருக்கட்டும்" என்ற சொல்லின் அருமை தெரிந்தவர் ஒருவர் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் அனுசுயா. அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதைச் சொல்கிறோம்.

அனுசுயாவும் அவர் கணவர் மாரிச்செல்வமும் தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். மாரிச்செல்வம் பனியன் கம்பெனியில் டெய்லர். அனுசுயா அதே கம்பெனியில் செக்கிங். மகள் தேஜஸ்ரீ நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு 'ம்'. பசித்தாலும் ம், வலித்தாலும் ம், வேண்டாம் என்றாலும் ம். காதில் குறையில்லை என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். மாரிச்செல்வத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"தீபாவளிக்கு ஊருக்குப் போவோம்ல, அப்பிடியே எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்துருவோம். இங்கன ரெண்டு பேரும் ஷிப்டு ஷிப்டுன்னு ஓடுறோம். புள்ளைய யாரு பாக்குறது?"

அனுசுயா பதில் பேசவில்லை. பேச முடியாது. ஏனென்றால் அப்போது அவர் வீட்டுக்குள் இருந்தார்.

அதற்கு முந்தைய வருடம் குலசாமி கோயிலில், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அனுசுயா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். "எம்மக வாயத் தொறந்து பேசுற வரைக்கும் வீட்டுக்குள்ள நான் வாயத் தொறக்க மாட்டேன் தாயி." பேசாமல் கம்பெனியில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது, அதனால்தான் வீட்டுக்குள் மட்டும் என்று எல்லை கட்டிக்கொண்டார். வாசற்படி தாண்டி வெளியே வந்தால் நிறுத்தாமல் பேசுவார். உள்ளே போனால் விரலும் புருவமும்தான். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இது தெரியாமல் வாராவாரம் நீங்கள் பள்ளி வாசலில் அவரிடம் சொல்லி அனுப்பினீர்கள். "சோறு ஊட்டறப்பப் பேசிட்டே ஊட்டுங்க கண்ணு. இது ரசம், இது பொரியல், இது அப்பளம், நொறுங்குது பாருன்னு சொல்லுங்க. அவ பேசாட்டிப் பரவால்லீங்க. நீங்க பேசுங்க." அனுசுயாவும் "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் ஊட்டுவார். அந்தச் "சரிங்க"வில் ஏதோ குறைகிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை நீங்களே அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

"வாங்க டீச்சர், வாங்க! இந்தச் சந்துக்குள்ள வண்டிய எப்பிடி ஓட்டியாந்தீங்க? வெயிலு என்னா போடு போடுது பாருங்க. இருங்க, ஒரு வாய் டீயப் போட்டு" என்று சொல்லிக்கொண்டே அனுசுயா வாசற்படிக்கு அந்தப் பக்கம் காலை வைத்தார். பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ஸ்டூலைக் கையால் காட்டினார். சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் புருவத்தால் கேட்டார். பாயில் உட்கார்ந்திருந்த தேஜஸ்ரீ அம்மாவின் கையையே பார்த்திருந்தாள். அம்மா விரல் நீட்டியதும் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் ஒரு சொல் இல்லை.

வெளியே இருந்து வீட்டுக்கார அம்மா மயிலாத்தாள்தான் குரல் கொடுத்தார். "அந்தப் புள்ள ஊட்டுக்குள்ள பேசாதுங்க டீச்சர். என்னமோ நேர்த்தியாட்ட இருக்குதுங்க. கேட்டாச் சொல்றதில்ல. ஒரு வருசமாப் பாக்கறனுங்க. எனக்கு எதாச்சும் கேக்கோணும்னா வெளிய கூப்புட்டுத்தானுங்க கேக்கறேன்."

டீ டம்ளரை நீட்டிய அனுசுயா மஞ்சள் கயிறு தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். சாமியாவது பூதமாவது என்று டீச்சர் சத்தம் போடப் போகிறார், அதுவும் சர்ச்சுக்குப் போகிறவர், கையிலிருக்கும் கயிற்றை அறுக்கச் சொல்லுவார் என்று நினைத்தாராம். நீங்கள் டீயை முழுவதும் குடித்தீர்கள். வெளியே வந்தீர்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"இங்க வாங்க கண்ணு. சாமிகிட்ட என்னன்னு சொன்னீங்க? சொன்னது சொன்னபடியே சொல்லுங்க."

அனுசுயா வெளியே வந்து அழுதுகொண்டே சொன்னார்.

"ஊட்டுக்குள்ளன்னுதானுங்களே சொல்லியிருக்கறீங்க? வாசல் அதுல சேருதுங்களா?"

அனுசுயா யோசித்தார். "சேராது டீச்சர்."

"அப்பச் சோத்துப் போசியத் தூக்கிட்டு வெளிய வாங்க. சாமிக்குக் குடுத்த வாக்கு அப்பிடியே இருக்கட்டும். சோத்த மட்டும் வாசல்ல ஊட்டுவோம்."

அன்று மாலையே அந்தக் குடும்பம் வாசலுக்குக் குடி வந்துவிட்டது. சோறு வாசலில், தலை சீவுவது வாசலில், துணி மடிப்பது வாசலில், வீட்டுப்பாடம் வாசலில். ஒரு வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் அனுசுயா மகளிடம் கொட்டினார். மயிலாத்தாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம் புள்ள, ஊடு சும்மாதான கெடக்குது? வேற ஆளுக்கு உட்டுரட்டுமா?"

"விட்டுருங்கக்கா. ராவுக்கு மட்டும் பாய் விரிக்க எடம் குடுக்கச் சொல்லுங்க."

ஆனால் வாசல் என்றால் ஊரும் சேர்ந்ததுதானே! அனுசுயா முட்டையைக் காட்டி "இது என்னா தாயி?" என்று கேட்டால், பிள்ளை உதட்டைப் பிரிப்பதற்குள் சந்தே சேர்ந்து "முட்டை!" என்று கத்தியது. அடுத்த முறை வந்தபோது நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்றீர்கள்.

"ஏனுங்க, பதிலெல்லாம் நீங்களே சொல்லிப் போட்டா அவ எதுக்குங்க வாயத் தொறக்கோணும்? யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. அவ மொகத்தப் பாத்துட்டுக் காத்திருங்க. அவளே சொல்லட்டும்."

அன்றிலிருந்து மயிலாத்தாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருடம் பேசாமல் இருந்த அனுசுயாவுக்கே இந்தக் காத்திருப்பு பெரும்பாடாக இருந்தது. முன்பு பேசாமல் இருந்தபோது அவர் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

சோப்பு நுரையை ஊதி ஊதி ஒரு நாள் "ப்பூ" என்று வந்தது. அனுசுயா ஓடோடி வந்து கேட்டார். "இது பேச்சுல சேருமா டீச்சர்?" நீங்கள் சொன்னீர்கள், "அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளதுங்க கண்ணு. நான் சொல்லக் கூடாது." அனுசுயா சேராது என்று முடிவு செய்தார். சோறூட்டல் வாசலிலேயே தொடர்ந்தது.

தீபாவளி நெருங்கியது. மாரிச்செல்வம் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். போவதற்கு மூன்று. வருவதற்கு இரண்டு.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், பாதிச் சோறு ஊட்டியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தேஜஸ்ரீ வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அனுசுயா தட்டோடு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே போனால் வாயை மூட வேண்டுமே! ஊருக்குப் போக இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. ஒரு வேளைச் சோற்றின் பேச்சைக்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "தலையத் தொவட்டு தாயி, இந்தா இன்னும் ரெண்டு வாயி, எட்டி வாங்கிக்க" என்று நனைந்துகொண்டே பேசினார். எதிர்வீட்டு வாசலில் மயிலாத்தாள் "உள்ள போ புள்ள" என்று கத்த வாயெடுத்து, முந்தானையைக் கடித்துக்கொண்டார். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மாரிச்செல்வம் எழுந்து வந்து ஏதோ சொல்லப் போனார். அனுசுயா கையை நீட்டி நிறுத்தினார். தேஜஸ்ரீயின் உதடு மூடித் திறப்பதை அவர் பார்த்துவிட்டார்.

தட்டில் சோறு மிதந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ம்... மா."

சந்தில் மழைச் சத்தம் மட்டும்தான்.

"உள்ள... வா."

அனுசுயா வாசற்படியைத் தாண்டினார். "வந்துட்டேன் தாயி. வந்துட்டேன்." ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கேட்ட அவருடைய முதல் பேச்சு அது. மாரிச்செல்வம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே பஸ் ஆபீசுக்கு நடந்தார். திரும்பி வருவதற்கும் மூன்று டிக்கெட் ஆனது. ஊரில் குலசாமிக்குப் பொங்கல் வைத்து, மஞ்சள் கயிற்றை அவிழ்த்துவிட்டு மூவரும் திரும்பி வந்தார்கள். தேங்காய் முறியும் திருநீறும் உங்களுக்கும் வந்தன. தேங்காயைக் கீறிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நீங்களும் ஒரு துண்டு தின்றீர்கள். நடந்ததை அனுசுயா மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்ததும், "இருங்க கண்ணு, அவ சொல்லட்டும்" என்று பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு தேஜஸ்ரீ முன்னால் உட்கார்ந்தீர்கள். அன்று உங்கள் மதியச் சோற்றுத் தூக்குப்போசி மூன்று மணிக்குத்தான் திறந்தது. என்றைக்குத்தான் அது நேரத்துக்குத் திறந்தது!

இவ்வளவுதான் உங்கள் தொண்டு என்று நாங்கள் அளந்து சொல்ல முடியாது. இந்திக்காரப் பிள்ளையிடம் அரைகுறை இந்தியில் பேசி, அவன் உங்களைத் திருத்திச் சிரித்தே வாய் திறந்த கதை வேறு இருக்கிறது. திக்கித் திக்கிப் பேசிய பையன் ஆண்டு விழாவில் வரவேற்புரை சொன்ன கதையும் இருக்கிறது. பிள்ளைகளை மட்டுமா மாற்றினீர்கள்? எவர் பேசினாலும் பாதியில் பிடுங்கி முடித்து வைக்கும் நம் தலைமையாசிரியர் சென்னியப்பன் ஐயாவே இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவர் துடைத்தால் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அம்மா, இனி வரும் திங்கட்கிழமைகளில் சோற்றைச் சூடாகச் சாப்பிடுங்கள். தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த முழங்கால் தேறட்டும். ஊதி ஊதிக் காய்ந்த தொண்டை குளிரட்டும். நீங்கள் தொழும் கர்த்தரும் அனுசுயாவின் குலசாமியும் ஆளுக்கொரு பக்கம் நின்று உங்களை நூறாண்டு காக்கட்டும்!

இந்த மடலின் கடைசி வரியை நாங்கள் எழுதவில்லை. சட்டம் போட்ட கண்ணாடிக்குள் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்பு தேஜஸ்ரீ இப்போது மேடைக்கு வந்து அதைச் சொல்லுவாள். அவளுக்கு இன்றைக்கும் முதல் சொல் மெதுவாகத்தான் வரும். மைக்கில் சத்தம் இல்லையே என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். மயிலாத்தாள் அம்மா, முந்தானை பத்திரம். ஐயா, நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கலாம்.

யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவளே சொல்லட்டும்.

. . . . . . . . . . . . . . . . . . . .

இங்ஙனம்,
காத்திருக்கக் கற்றுக்கொண்ட
மண்ணரைப் பள்ளி ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், பெற்றோர்கள்